மணல் விலகும் மாதம்

5.11.2023
ராம்கர், ஜெய்சால்மர் மாவட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

பாண்டி எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறேன். இதைத்தான் முதலில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். உன் முழங்கால் வலி தேவலையா? மச்சான் இன்னும் அதே தேவகோட்டை பஸ்ஸில்தான் கண்டக்டராகப் போகிறாரா?

நீ கொடுத்த இன்லேண்டுக் கட்டு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. "போன்னா நல்லாருக்கேன்னு சொல்லி வச்சிருவான், கடுதாசின்னா நாலு வரி கூடுதலா எழுதித்தான ஆகணும்" என்று அன்றைக்குச் சொன்னாய். இங்கே வந்து பார்த்தால் நிஜமாகவே டவர் கிடையாது. எல்லைக்கோடு இருபது கிலோமீட்டர்தான். வாரம் ஒருநாள் டீசல் எடுக்க ராம்கர் வரும்போதுதான் போன் வேலை செய்யும். அப்போதும் பக்கத்து சீட்டில் சூப்பர்வைசர் நரேஷ் உட்கார்ந்திருப்பான்.

பாலைவனம் என்றதும் ஒரே மணலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மணல்மேடு அங்கொன்றும் இங்கொன்றும்தான். மற்றதெல்லாம் கல், காய்ந்த புல், முள். அதன்மேல் கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் தகடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் வேலை தண்ணீர் டேங்கர். கான்கிரீட்டுக்கும் சமையலுக்கும் தகடு கழுவவும் நான் கொண்டுவருகிற தண்ணீர்தான். நம் கோட்டையூர் பெத்தன் குழாய் வெல்டிங்கில் இருக்கிறான். தமிழ் பேச அவன் ஒருவன்தான்.

புதிதாக ஒரு சிநேகிதன் கிடைத்திருக்கிறான். பெயர் ஹமீர், என் வயதுதான் இருக்கும். அறுபது செம்மறி, நாலு ஒட்டகம், தலையில் சிவப்புப் பாகை. என் அரைகுறை இந்தியும் அவன் அரைகுறை இந்தியும் எப்படியோ ஒத்துப்போகிறது. சைட்டை ஒட்டி அவர்கள் சாமிக்கு விட்ட காடு ஒன்று இருக்கிறது, ஓரண் என்கிறார்கள். அதில் பாதி நம் ஊர் வன்னி மரம். பார்த்ததும் நம் கோயில் பிராகாரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. நடுவில் மழைத்தண்ணீர்க் குட்டை, ஊருணி மாதிரி. ஆடு மேயலாம், மனுஷன் ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது. விறகுக்குக்கூட எடுப்பதில்லை. "ஆனா அரசாங்கக் காகிதத்தில் இது தரிசு" என்றான் ஹமீர். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
வீரபாண்டியன்


20.11.2023
கோட்டையூர்

தம்பி பாண்டிக்கு,

செந்தாமரை எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். முழங்கால், கண்டனூர் மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது மட்டும் தான் இருப்பதைச் சொல்கிறது.

உன் கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. நீ கண்டனூர் தபாலாபீஸ் முகவரிக்குப் போட்டதால் பையைப் பிரித்ததே நான்தான். முத்திரை குத்திவிட்டுத்தான் படித்தேன், சட்டம் சட்டம்தானே. இன்றைக்கு ஏழு வீட்டுக்குப் பதிவுத் தபால் இருந்தது. ஐந்து வீட்டில் பூட்டு. கல்யாணத்துக்கோ சாமி படைப்புக்கோ ஆள் வருகிறவரை அந்தக் கதவுகளோடுதான் எனக்குப் பேச்சு.

மச்சான் ஒன்று கேட்கச் சொன்னார். சாமிக்கு விட்ட காட்டுக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரன் வேலை செய்கிறானே, ஊர்க்காரர்கள் சும்மா இருக்கிறார்களா? ஏதாவது தகராறு வந்தால் நீ வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓரமாக நில். அங்கே நீ வெளியூர்க்காரன். முதல் அடி உனக்குத்தான் விழும்.

குளிருக்கு மப்ளர் அனுப்பியிருக்கிறேன். கழுத்தில் போட்டுக்கொள், பெட்டியில் மடித்து வைக்காதே.

அக்கா


10.12.2023
ராம்கர்

அன்புள்ள அக்காவுக்கு,

மப்ளர் வந்தது, இதை எழுதும்போதும் கழுத்தில்தான் இருக்கிறது. காலையில் வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. உனக்கு அங்கே மழை விட்டதா?

நீ பயந்த மாதிரியே ஆகிக்கொண்டிருக்கிறது. பைப்லைன் வேலை தாமதமாகிவிட்டது. தண்ணீர் இல்லாமல் கான்கிரீட் நிற்கிறது. ஓரண் குட்டையிலிருந்து எடுக்கலாம் என்று நரேஷ் முடிவு பண்ணிவிட்டான். ஜேசிபி வைத்து டேங்கர் போக வழி போட்டார்கள். ஏழு வன்னி மரம் போயிற்று. வேரோடு கிடந்ததை ஹமீரின் பெண்டாட்டி ஜம்னா வந்து பார்த்தாள். கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெள்ளை வளையல் போட்டிருக்கிறாள். புருஷன் இருக்கிறவரை இங்கே பெண்கள் அதைக் கழற்ற மாட்டார்களாம்.

அந்தக் குட்டைத் தண்ணீர் ஊருக்கும் ஆட்டுக்கும் கோடைவரை வர வேண்டும். வற்றினால் மந்தையை ஓட்டிக்கொண்டு பஞ்சாப் பக்கம் போக வேண்டியதுதான். ஹமீர் மூன்று நாளாக டேங்கர் முன்னால் வந்து உட்காருகிறான். நான் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவேன். அவன் ஆட்டுப்பாலில் டீ போட்டுத் தருவான். இரண்டு பேரும் குடிப்போம். நரேஷ் வந்து கத்துவான். "அவன் உக்காந்தா உனக்கென்ன, வண்டிய எடுத்தா தானா எந்திரிப்பான்" என்கிறான். நான் எடுக்கவில்லை.

நேற்று ஹமீர், "நீ எத்தனை நாள் இப்படி நிறுத்துவே?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன்.

பாண்டி


7.1.2024
ராம்கர்

அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்கவும்.

வேலை நடக்கிறது. குளிர் அதிகம். இனிமேல் கேம்ப் முகவரிக்குக் கடிதம் போடாதே. ராம்கர் தபாலாபீசில் வைத்திருந்து நேரில் கொடுக்கும்படி எழுதிப் போடு. டீசலுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். போன் பழுதாகிவிட்டது, கூப்பிடாதே.

பொங்கலுக்கு நான் வரவில்லை. பெத்தன் வருகிறான். அவனை ஒன்றும் கேட்காதே.

இங்கே காற்று எந்த மாதம் ஆரம்பிக்கும் என்று விசாரித்தேன். பங்குனி கடைசியில் என்றார்கள்.

பாண்டி


22.1.2024
கோட்டையூர்

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகம் என்று எழுதியிருப்பதை நான் நம்பவில்லை.

பதினெட்டு வருஷமாகக் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தபாலாபீசிலேயே வைத்து வாங்கிக்கொள்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். இருக்கிற இடத்தில் கடிதம் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள். கேம்பில் யாருக்குப் பயந்துகொண்டிருக்கிறாய்?

பெத்தனைக் கேட்காதே என்றாய். கேட்காமலே ஒன்று நடந்தது. பொங்கலுக்கு மறுநாள் கோட்டையூர் பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். "என்னடா பெத்தா, எப்ப வந்தே, தம்பி எப்படி இருக்கான்?" என்றேன். டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். ஆள் பாதியாக இளைத்திருக்கிறான். மறுபடி அங்கே வேலைக்குப் போகப் போவதில்லை என்று அவன் அம்மா சொல்கிறாள்.

முதல் இரண்டு கடிதத்திலும் ஹமீர் ஹமீர் என்று எழுதினாய். இந்தக் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை. அவனுக்கும் உனக்கும் சண்டையா? அடித்துவிட்டானா?

காற்று எப்போது அடித்தால் உனக்கென்ன?

உடனே எழுது. இரண்டு வரியாவது.

அக்கா


18.2.2024
ராம்கர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று வாரம் கழித்துத்தான் வாங்க முடிந்தது. என்னைத் தனியாக எங்கும் விடுவதில்லை. முழங்காலுக்கு டாக்டரிடம் போ, தள்ளிப்போடாதே.

ஹமீர் காணாமல் போய்விட்டான். டிசம்பர் பதினேழாம் தேதியிலிருந்து. ஒட்டகம் தேடி மேற்கே போனான், எல்லை தாண்டிவிட்டான் என்று பேசுகிறார்கள். அவனுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டு. அதனால் அவன் வீட்டில் போலீசுக்குப் போகப் பயப்படுகிறார்கள். போனால் வீட்டையே சந்தேகப்படுவார்கள். இங்கே அப்படித்தான், காணாமல் போனவன் குற்றவாளி.

இந்த ஊரில் தடம் பார்க்கிறவர்கள் உண்டு. மணலில் ஒரு காலடியைப் பார்த்து ஆணா பெண்ணா, சுமை தூக்கிப் போனாளா, எத்தனை நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடுவார்கள். ஜம்னா அப்படி ஒருவரைக் கூட்டி வந்தாள். குட்டையைச் சுற்றி நடந்தார். ஆட்டுத் தடம், டேங்கர் டயர் தடம், ஜேசிபி நிரவின தடம், இவ்வளவுதான் இருக்கிறது என்றார். அப்புறம் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று டயரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

மறுநாள் டயரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன்.

இப்போது ஜம்னாதான் ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறாள். குட்டையில் தண்ணீர் எடுக்கப் போகும் போதெல்லாம் என்னைப் பார்த்து, "நீ பார்த்தியா?" என்று கேட்கிறாள். இல்லை என்கிறேன். தினமும் கேட்கிறாள். தினமும் இல்லை என்கிறேன்.

பாண்டி


6.3.2024
கோட்டையூர்

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். எங்களுக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். டயரை மாற்றினேன் என்ற இடத்துக்கு வந்ததும் எழுந்து கதவைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆபீசில் வேறு யாரும் இல்லை.

சாயங்காலம் பெத்தன் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் உட்கார்ந்திருந்தான். "டேய், என் தம்பிக்கு என்னடா ஆச்சு?" என்றேன்.

"என்னைக் கேக்காதீக அக்கா."

"நீயும் அங்கதான இருந்தே?"

"இருந்தேன். இல்லைங்கல. உங்க தம்பியக் கேளுங்க. நான் குழாய்ல தலையக் குனிஞ்சு வெல்டிங் வச்சுக்கிட்டிருந்தேன், சத்தந்தான் கேட்டுச்சு. அதுக்கு மேல என்னைக் கேக்காதீக." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். முப்பது வயது ஆம்பிள்ளை.

பாண்டி, நீ என் மடியில் வளர்ந்தவன். அம்மா போனபோது உனக்கு நாலு வயது. கேட்கிறேன், ஒளிக்காதே. அந்த வண்டியில் நீ இருந்தாயா?

எதுவாக இருந்தாலும் கிளம்பி வந்துவிடு. ஆதார் கார்டு, லைசென்ஸ் எல்லாம் அவர்கள் வைத்திருந்தால் இருக்கட்டும். ஜோத்பூருக்கு வந்து ரயிலேறிவிடு.

அக்கா


14.4.2024
ராம்கர்

அக்கா,

இன்றைக்குச் சித்திரை ஒன்று. நீ மாங்காய்ப் பச்சடி வைத்திருப்பாய். நல்லா இருக்கீங்களா என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இருந்தேன். நான்தான் ஓட்டினேன்.

டிசம்பர் பதினேழு, மதியம். குட்டைக்கு டேங்கரைப் பின்னால் எடுக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்தால் நான் நிறுத்திவிடுகிறேன் என்று நரேஷுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவனே பின்னால் போய் நின்றுகொண்டான். ஹமீர் வண்டிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து நரேஷ் கை காட்டி, வா வா என்று கூப்பிட்டான். எழுந்துவிட்டான் என்று நினைத்தேன். கண்ணாடியில் நரேஷின் கை மட்டும்தான் தெரிந்தது. எடுத்தேன். மணலில் சக்கரம் ஏறி இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை.

இறங்கி ஓடினேன். சிவப்புப் பாகை அவிழ்ந்து கிடந்தது. நரேஷ் குனிந்து பார்த்துவிட்டு, "போயிட்டான்" என்றான். நான் குனிந்து பார்க்கவில்லை அக்கா. மூச்சு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஜேசிபிக்காரனைக் கூப்பிட்டு, ஓரணுக்கு மேற்கே உள்ள மணல்மேட்டின் அடியில் புதைத்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். "ஓட்டினது நீ. கையெழுத்து, லைசென்ஸ் எல்லாம் உன் பேர்ல. வாயத் தொறந்தா நீ மட்டும்தான் உள்ள போவே" என்றான் நரேஷ்.

இப்போது காற்று ஆரம்பித்துவிட்டது. மதியத்துக்கு மேல் வானம் மஞ்சளாகும், அப்புறம் செங்கலாகும், முன்னால் நிற்கிற ஆள் தெரியாது. ஒவ்வொரு புழுதிப்புயலுக்கும் மணல்மேடு நகர்கிறது. இங்கே எல்லா மேடும் கோடையில் நடக்கும் அக்கா. மேற்குப் பக்கம் குறைகிறது. கிழக்கே சேர்கிறது. அவன் மேற்குப் பக்கத்தில் இருக்கிறான்.

ஜம்னா கேட்பதை மாற்றிவிட்டாள். போன வாரம் என் பக்கத்தில் வந்து கையை நீட்டி வளையலைக் காட்டினாள். "யார் என்ன பண்ணினான்னு நான் கேக்கல. இதைக் கழட்டணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு" என்றாள்.

நான் இஞ்சினைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

பாண்டி


24.4.2024
கோட்டையூர்

தம்பி,

நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதவில்லை. உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். மச்சானிடம்கூடக் காட்டவில்லை.

வாயைத் திறக்காதே. யாரிடமும். அந்தப் பெண் பக்கமே போகாதே. அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். நரேஷ் சொன்னதுதான் நடக்கும். அவன் தப்பிவிடுவான், பாஷை தெரியாத ஊரில் நீ ஜெயிலில் கிடப்பாய்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. அது சாமிக்குத் தெரியும். அது போதும்.

கிளம்பி வா. இரவல் வாங்கியாவது, நடந்தாவது வா. வந்தபிறகு யோசிக்கலாம்.

அக்கா


24.5.2024
கோட்டையூர்

தம்பி பாண்டிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் என்று நினைத்து எழுதுகிறேன். நீ உயிரோடு நலமாக இருக்க வேண்டும்.

நாற்பது நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் இல்லை, கடிதம் இல்லை. தினமும் காலையில் பை வரும். மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகத் தள்ளுவேன். நூலகத்துப் பத்திரிகை, எல்.ஐ.சி., பாங்கு நோட்டீஸ், பூட்டிய வீடுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை. கடைசித் தபாலைத் தள்ளியதும் பைக்குள் கையை விட்டு ஒருமுறை தடவிப் பார்ப்பேன். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று. நேற்றுப் பையை உள்வெளியாகப் புரட்டிவிட்டேன். மச்சான், "சாப்பிடாம கொள்ளாம இப்படி இருந்தா நீ போயிருவே புள்ள" என்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். மார்ச்சிலேயே உன்னை அனுப்பின தேவகோட்டை ஏஜென்ட் ஆபீசுக்கு வந்தான். "தம்பி கடுதாசி போடுறான் போலயே, என்ன எழுதுறான்? காட்டுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். இல்லை என்றேன். போன வாரம் மறுபடி வந்தான், கூட இரண்டு பேர். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ஒழுங்கா இருந்தா தம்பி ஊர் வந்து சேருவான்" என்றான். மூன்று நாளாக ஆபீசுக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதனால் இதைக் காரைக்குடிக்குப் பஸ்ஸில் போய்ப் போடப் போகிறேன்.

அவர்களுக்கு நீ பயப்படுகிற மாதிரி, நீ பேசிவிடுவாயோ என்று அவர்களும் பயப்படுகிறார்கள். ஊமையாக இருக்கிறவரை உன்னை விட்டுவைப்பார்கள் என்று நம்பித்தான் வாயைத் திறக்காதே என்று எழுதினேன். இப்போது அது எனக்கு நிச்சயமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நாற்பது நாளில் நான் இப்படி ஆகிவிட்டேன். போனவன் இருக்கிறானா என்று தெரியாமல் சாதத்தில் கை வைக்க முடியவில்லை. அந்தப் பெண் ஐந்து மாதமாக அப்படி இருக்கிறாள். தினமும் உன் முகத்துக்கு நேரே வந்து கேட்டிருக்கிறாள். அவளிடம் பேசாதே என்று எழுதினது நான்தான். எழுதின கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கழற்றச் சொல்லிவிடு தம்பி. அவளிடம் சொல். அதற்கப்புறம் அவளுடைய ஆட்களோடேயே போலீசுக்குப் போ, தனியாகப் போகாதே. என்ன வந்தாலும் நானும் மச்சானும் வருவோம்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது, அவசரமாக எழுதினேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான்.

அக்கா


9.6.2024
ஜெய்சால்மர் சிறை

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

உயிரோடு இருக்கிறேன். அடிக்கவில்லை. ரொட்டியும் பருப்பும் தருகிறார்கள். இந்தக் கடிதத்தை இங்கே படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள், படிக்கட்டும்.

ஏப்ரலில் அந்தக் கடிதத்தைப் போட்டதிலிருந்து என்னை ராம்கருக்கே விடவில்லை. ஜூன் ஒன்றாம் தேதி டீசலுக்குப் போகிற ஆளுக்கு வெயிலில் மயக்கம் வந்துவிட்டது, வேறு ஆள் இல்லாமல் என்னைத் தனியாக அனுப்பினார்கள். தபாலாபீசில் உன் கடிதம் இரண்டும் சேர்ந்து இருந்தது. முதலில் பிரித்தது வாயைத் திறக்காதே என்ற கடிதம். இரண்டாவதைப் படித்துவிட்டு முத்திரையை மறுபடி மறுபடி பார்த்தேன், எது பிந்தியது என்று.

அக்கா, நடுவில் நான் செய்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மே மாதம் முழுக்க விடியற்காலையில் எழுந்து மண்வெட்டி எடுத்துக்கொண்டு அந்த மேட்டுக்குப் போனேன். முந்தின நாள் காற்று எடுத்துப் போன மணலை மறுபடி வாரிப் போட்டேன். யாரும் சொல்லவில்லை. நானாகப் போனேன். ஒருநாள் துணி தெரிந்தது. வெளுத்த சிவப்பு. அதையும் மூடினேன்.

அன்றைக்குத் தபாலாபீசிலிருந்து டேங்கரை நேராக ஜம்னா வீட்டுக்கு ஓட்டினேன். முள்வேலிக்கு நடுவில் மண்குடிசை. அவள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். வரும் வழியெல்லாம் இந்தியில் வாக்கியம் சேர்த்துக்கொண்டு வந்தேன், எல்லாம் போய்விட்டது. "கழட்டிரு" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் என் நெஞ்சைத் தட்டி, "நான். வண்டி நான்" என்றேன்.

அவள் அழவில்லை. உள்ளே போனாள். கல்லில் வைத்து ஒவ்வொன்றாக உடைக்கிற சத்தம் கேட்டது. நான் வெளியே நின்றேன். ஓடிவிடலாம் என்று தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அவள் அண்ணன்மார் வந்தார்கள். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். ஜம்னா உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள், விட்டுவிட்டான். நாற்பது பேர் டிராக்டரில் ஏறி என்னையும் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போலீசுக்குப் போனார்கள். மறுநாள் தோண்டினார்கள். இடத்தை நான்தான் காட்டினேன். நரேஷ் அன்றைக்கே ஓடிவிட்டான், மூன்றாம் நாள் ஜோத்பூர் ரயில் நிலையத்தில் பிடித்தார்களாம். ஜேசிபிக்காரனும் உள்ளே இருக்கிறான். அவர்கள் இரண்டு பேரும் நான் தனியாகச் செய்தேன் என்றுதான் சொல்கிறார்கள். பெத்தன் பார்க்காவிட்டாலும் கேட்டிருக்கிறான். நரேஷ் "வா வா" என்றது அவன் காதில் விழுந்திருக்கும்.

அவனைக் கேட்டுப் பார். கட்டாயப்படுத்தாதே. பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

பாண்டி


5.7.2024
ஜெய்சால்மர்

தம்பிக்கு,

நேற்றுக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று உன்னைப் பார்த்தபோது பேசினதில் பாதிதான் காதில் விழுந்தது. சுற்றிலும் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் மச்சானும் நலம். மச்சானுக்கு ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பெத்தன் வந்திருக்கிறான். உனக்குத் தெரியட்டும் என்று முதலில் எழுதுகிறேன். நான் கேட்டபோது கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு நாள் கழித்துப் பையோடு வாசலில் வந்து நின்று, "எப்ப ரயிலு?" என்றான். காட்பாடி தாண்டுகிறவரை பேசவில்லை. நேற்று மாஜிஸ்டிரேட் முன்னால், கேட்டதைக் கேட்டபடி சொன்னான். நரேஷ் கூப்பிட்ட குரலில் சிரிப்பு இருந்தது என்றும் சொன்னான். அதை எங்களிடம்கூட அவன் சொன்னதில்லை.

நமக்காக இங்கே வைத்திருக்கிற வக்கீலம்மாவிடம், நேற்று நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். வண்டி ஏறின உடனே உயிர் போயிற்றா என்று. இத்தனை மாதம் ஆகிவிட்டதால் அதை இனிச் சொல்ல முடியாது என்று டாக்டர் எழுதிவிட்டாராம். உனக்கு வேறு மாதிரி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்று காலை ஜம்னாவைப் பார்க்கப் போனேன். வக்கீலம்மா குமாஸ்தாவைக் கூட அனுப்பினார். மச்சான் போக வேண்டாம் என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. முந்தாநாள் இங்கே முதல் மழை. அந்தக் குட்டையில் ஒரு கை உயரம் தண்ணீர் நிற்கிறது. வெட்டின மரங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன, யாரும் விறகுக்குத் தொடவில்லை. கோர்ட் தடை போட்டிருப்பதால் அந்தப் பக்கம் வேலை நின்றுவிட்டது.

யார் என்று சொன்னதும் அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வெளியே கட்டிலைப் போட்டாள். ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும் பாண்டி. கை இரண்டும் வெறுமையாக இருந்தது. வளையல் இருந்த இடம் மட்டும் சின்னக் குழந்தையின் தோல் மாதிரி வெளுத்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எழுதிவைத்துக்கொண்டு போன தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆடுகள் வந்து அவள் பாவாடையை முட்டின. கடைசியில் அவளே பேசினாள். குமாஸ்தா தமிழில் சொல்லத் தெரியாமல் இங்கிலீஷும் இந்தியுமாகச் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்:

"உங்க தம்பியை வெளியே விடச் சொல்லி நான் வரமாட்டேன். உள்ளேயே போடச் சொல்லியும் வரமாட்டேன். எங்கிட்ட வந்து சொன்னது அவன் ஒருத்தன்தான். கோர்ட்டில் கேட்டா அதைச் சொல்லுவேன்."

இதற்குமேல் அவளிடம் கேட்க நமக்கு எதுவும் இல்லை. நீயும் எதிர்பார்க்காதே.

ஜாமீன் மனு பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கு வருகிறது. கிடைக்கும் என்று வக்கீலம்மா சொல்கிறார், கிடைக்காமலும் போகலாம். கேஸ் வருஷக் கணக்கில் நடக்குமாம். கிடைத்தாலும் இந்த மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாதாம். அதனால் இங்கேயே ஒரு அறை பார்த்திருக்கிறோம். மச்சான் அடுத்த வாரம் திரும்பிப் போகிறார், நான் சம்பளமில்லா லீவு போட்டிருக்கிறேன். ஏஜென்ட் இப்போது ஊரில் இல்லையாம், எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். அது போக நாளாகும்.

பன்னிரண்டாம் தேதி உன்னை விட்டால், ஜெயிலின் பெரிய கேட்டில் என்னைத் தேடாதே, அங்கே நிற்க விடமாட்டார்கள். வலதுபக்கச் சுவரோடு நடந்து வா. முடிகிற இடத்தில் நிற்பேன்.

அக்கா
செந்தாமரை